காட்சிப் பொருளா? கருத்துச் செல்வமா?

ஓர் இனத்தின் மொழியில் நூல் அச்சிடலாகாது என்று அரசு ஆணையிட்டால், அந்த மொழி என்ன ஆகும்? அந்த இனத்தாரில் ஒரு பகுதியினர் ஊரையும் உறவையும் துறந்து கடல் கடந்து போய்விட்டால், அவர்தம் பண்பாடு என்ன ஆகும்? அழிந்துதான் போகும் என்பர் சிலர். அழியாது, பேழையில் இட்டுப் பூட்டிக் காப்போம் என்பர் வேறு சிலர். இரண்டு விடையும் நமக்கு உடன்பாடல்ல. பூட்டிய பேழைக்குள்ளும் கறையான் புகும். நாள்தோறும் எடுத்து ஆளப்படும் பொருளைத்தான் கறையான் அண்டுவதில்லை.

வட அமெரிக்காவில், சிறப்பாகக் கனடாவில், குடியேறிய உக்ரைன் மக்கள் 130 ஆண்டுகளுக்கு மேலாக இந்த வினாவுக்கு விடை தேடி வருகின்றனர். அவர்கள் காத்தவை பல, வளர்த்தவை பல. அவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துத் திறனாய்வுத் தராசில் நிறுத்துப் பார்க்க விழைகிறோம். ஒன்று பாடல், ஒன்று முட்டை, ஒன்று நூல். முட்டையா என்று நகைக்க வேண்டா, தோழர்களே! அந்த முட்டை 2 டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதன் கதையும் எடையுள்ள கதைதான்.

முதலில் அம்மக்கள் கடந்து வந்த பாதையைக் காண்போம்.

19-ஆம் நூற்றாண்டில் உக்ரைன் நிலத்தின் பெரும்பகுதி ரஷ்ய ஜாரின் ஆட்சியிலும், மேற்குப் பகுதி ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியிலும் இருந்தது. 1863-இல் ஜாரின் அமைச்சர் வலூயெவ் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். பாடநூலும் சமய நூலும் உக்ரைன் மொழியில் வெளிவரலாகாது என்றது அது. 1876-இல் எம்ஸ் நகரில் தங்கியிருந்த ஜாரே ஆணையில் கையொப்பமிட்டான். அயல்நாட்டிலிருந்து அம்மொழி நூல் வரலாகாது. மேடையில் அம்மொழி நாடகம் நடக்கலாகாது. இசைக் குறிப்போடு பாடல் வரிகளை அச்சிடவும் ஆகாது! படை இருந்தது, பீரங்கி இருந்தது, நாடு கடத்தப் பனி படர்ந்த சைபீரியா இருந்தது. இத்தனையும் இருந்தும், உழவன் வீட்டுப் பாட்டு ஏடு ஒன்று அந்த அரியணையை அச்சுறுத்தியது!

ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கலீசியாவிலோ மொழிக்கு இத்தகைய தடை இல்லை. ஆனால் உழவனுக்கு நிலம் இல்லை. 1891-இல் நெபிலிவ் என்னும் சிற்றூரின் உழவர் இருவர் கனடா மண்ணை மிதித்தனர். அவர்களைப் பின்பற்றி 1914-க்குள் ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் சென்றனர். 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் என்றது கனடா அரசு. காட்டை வெட்டினர், கல்லைப் பெயர்த்தனர், மண்ணாலும் மரத்தாலும் குடிசை கட்டினர், கோதுமை விளைத்தனர்.

விளைச்சலை வரவேற்ற அரசு, விளைத்தவன் மொழியை வரவேற்றதா? மானிடோபா மாநிலத்தில் 1897-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. பள்ளியில் ஆங்கிலமல்லாத ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் 10 பேர் இருந்தால், ஆங்கிலத்தோடு அவர்தம் மொழியிலும் கற்பிக்கலாம் என்றது. பிரெஞ்சு மொழியினருக்காகப் பிறந்த சட்டம் அது. உக்ரைன் மக்களும் அதைப் பயன்படுத்திப் பள்ளிகளை வளர்த்தனர். 1916-இல் அந்த வாயில் அடைக்கப்பட்டது. ஆல்பர்ட்டா மாநிலத்தில் 1913-லேயே உக்ரைன் ஆசிரியர்களை அரசு வேலையினின்று நீக்கியது. புக்கோவினா என்ற பள்ளி வட்டாரத்து உழவர்கள் தங்கள் ஆசிரியரை விட்டுக்கொடுக்க மறுத்துத் தனிப்பள்ளியே எழுப்பினர். எழுத்தறியா உழவர் என்று ஏளனம் செய்யப்பட்டோர், எழுத்துக்காக அரசை எதிர்த்து நின்றனர். பாடம் புகட்டும் தொழிலில் இருக்கும் நம் போன்றோர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு எளிதில் கடந்து செல்ல முடிவதில்லை.

பிறகு போர் வந்தது. ஆஸ்திரியப் பேரரசின் குடிகள் என்பதற்காக, அந்தப் பேரரசை விட்டு ஓடிவந்தவர்களையே பகைவர் என்றது கனடா அரசு. 1914 முதல் 1920 வரை 24 முகாம்களில் 8,579 பேர் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் உக்ரைனியர். மேலும் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர், தவணைதோறும் காவல் துறையினர் முன் நின்று தம் இருப்பைக் காட்ட வேண்டியவராயினர். இதை நினைவில் இருத்திக் கொள்ளுங்கள். முட்டையிடம் வரும்போது இது தேவைப்படும்.

இனி, பாடல்.

மைக்கோலா லியோன்டோவிச் என்பார் உக்ரைன் நாட்டின் பள்ளி இசையாசிரியர். நாட்டுப்பாடல்களைத் தொகுத்துப் பல குரல் இசைக்கு ஏற்ப அமைப்பதில் வல்லவர். அவர் அமைத்த ‘ஷெட்ரிக்’ 1916-இல் கீவ் நகரில் அரங்கேறியது. சிட்டுப்போல் பறந்துவரும் தகைவிலான் குருவி ஒன்று வீட்டுக்காரனை அழைத்து, உன் ஆட்டுப்பட்டியைப் போய்ப் பார், குட்டிகள் பிறந்திருக்கின்றன என்று நற்செய்தி சொல்வதே அப்பாடலின் பொருள். குருவி திரும்புவது இளவேனிலில். ஆகவே புத்தாண்டை இளவேனிலில் கொண்டாடிய பழங்காலத்து உழவர் பாட்டு இது என்பர் அறிஞர். தேவாலய மணி ஒலிக்குமுன்பே அந்த வயல்களில் ஒலித்த பாட்டு!

1919-இல் புதிதாய்த் தோன்றிய உக்ரைன் மக்கள் குடியரசு, உலகுக்குத் தன்னை அறிமுகப்படுத்தத் தூதரை மட்டும் அனுப்பவில்லை. ஒலெக்சாண்டர் கோஷெட்ஸ் தலைமையில் ஒரு பாடற்குழுவையும் அனுப்பியது. ஐரோப்பிய நகரங்களில் பாடிய அக்குழு, 1922 அக்டோபர் 5-ஆம் நாள் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் இப்பாடலைப் பாடியது. பாட்டு வென்றது, ஆனால் அதற்குள் பாட்டை அமைத்தவர் மண்ணுக்குள் போயிருந்தார். 1921 ஜனவரியில் சோவியத் உளவுப்படையின் ஆள் ஒருவன், தந்தையின் வீட்டில் தங்கியிருந்த லியோன்டோவிச்சைச் சுட்டுக் கொன்றான். குடியரசும் வீழ்ந்தது. கோஷெட்ஸ் தாயகம் திரும்பவே இல்லை. 1944-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் மறைந்தார்.

1936-இல் அமெரிக்க இசையாசிரியர் பீட்டர் வில்ஹவுஸ்கி அந்த மெட்டுக்கு ஆங்கிலத்தில் புதிய சொற்கள் எழுதினார். குருவி பறந்தோடிற்று, ஆட்டுக்குட்டி மறைந்தது, மணியோசை புகுந்தது, கிறிஸ்துமஸ் பாடல் ஆயிற்று. இன்று டிசம்பர் மாதம் பிறந்தால் அங்காடிதோறும் அந்த மெட்டு ஒலிக்கிறது, திரைப்படத்தில் ஒலிக்கிறது, விளம்பரத்தில் ஒலிக்கிறது. கேட்பவருள் எத்தனை பேர் லியோன்டோவிச்சின் பெயரை அறிவர்?

வில்ஹவுஸ்கி மீது நாம் குறை கூறவில்லை. அவர் சொற்கள் இல்லையேல் அமெரிக்கப் பள்ளிப் பாடற்குழுக்கள் அந்த மெட்டை எடுத்திருக்கவே மாட்டா. ஆயினும் திறனாய்வு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மொழியை உதறிய பண்பாடு உலகெங்கும் செல்லும். ஆனால் முகவரி இன்றிச் செல்லும். மெட்டுக்குக் கிடைத்த புகழில் ஒரு துளியும் அந்த மெட்டை ஈன்ற மக்களுக்கு நீண்ட காலம் கிடைக்கவில்லை. நூற்றாண்டு நிறைவில், 2022 டிசம்பரில், கீவ் நகரிலிருந்து குழந்தைகளின் பாடற்குழு வந்து அதே கார்னகி மண்டபத்தில் அதே பாடலைத் தம் மொழியில் பாடியது. ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பலர் கேட்டனர்: இது யாருடைய பாட்டு?

அடுத்து, முட்டை.

பச்சை முட்டையின் ஓட்டில் உருகிய மெழுகால் கோடிட்டு, சாயத்தில் தோய்த்து, மீண்டும் மெழுகிட்டு, மீண்டும் தோய்த்து, இறுதியில் மெழுகை நீக்கினால் வண்ணக்கோலம் வெளிப்படும். இதற்கு உக்ரைன் மக்கள் இட்ட பெயர் ‘பீசங்கா’. எழுதுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. வரையப்பட்ட முட்டை என்று அவர்கள் சொல்லவில்லை. எழுதப்பட்ட முட்டை என்றனர். தாயிடம் மகள் கற்று, மகளிடம் பேத்தி கற்று வந்த எழுத்து இது.

ஆல்பர்ட்டா மாநிலத்தின் வெக்ரவில் நகரில் 1975-இல் இந்தப் பீசங்கா பேருருக் கொண்டது. ஏறத்தாழ 26 அடி நீளம். 2,208 முக்கோணத் தகடுகள், 524 விண்மீன் வடிவத் தகடுகள். பொன், வெள்ளி, வெண்கல நிறம். காற்றடிக்கும் திசைக்கேற்பத் திரும்பும் அமைப்பு! யூட்டா பல்கலைக்கழகத்துக் கணினி அறிஞர் ரொனால்டு ரெஷ் இதை வடிவமைத்தார். முட்டையின் வளைவைத் தகடுகளால் அமைக்க ஆயத்த சூத்திரம் ஏதும் இல்லாமையால், கணினியின் துணைகொண்டு புதுவழி கண்டார். மூடநம்பிக்கையின் முத்திரை இல்லாமல், அறிவியலின் கைவண்ணத்தால் ஒரு பழங்கலை புத்துருப் பெற்றதென்றால் அதை வாழ்த்தத்தான் வேண்டும். வாழ்த்துகிறோம்.

ஆனால் அந்த முட்டை எதன் நினைவாக எழுப்பப்பட்டது? கனடா அரசின் குதிரைக் காவல் படையினுடைய நூற்றாண்டு நினைவாக! பாட்டன் தவணைதோறும் காவல் துறையினர் முன் கைகட்டி நின்றான்; பேரன் காவல் படைக்கு 2 டன் எடையில் முட்டை படைத்தான்! காவல் படைமீது நமக்குப் பகை ஏதும் இல்லை. முன்னோர்க்குப் பாதுகாப்பளித்த நன்றிக்கு இது அடையாளம் என்று சொல்லப்பட்டது. அந்த நன்றியில் உண்மையும் இருக்கலாம். நாம் கேட்பதெல்லாம் ஒன்றே. முகாமில் அடைபட்டவனின் பெயர் எங்கே? பள்ளிக்காகப் போராடிய உழவனின் பெயர் எங்கே? எழுதப்பட்ட முட்டை என்கிறார்களே, இந்த வரலாறு அதில் எழுதப்படவில்லையே! சிறு முட்டையில் பாட்டி எழுதியது அவளது நெஞ்சம். பெரு முட்டையில் எழுதப்பட்டதோ விருந்தினர் கண்டு மகிழ வேண்டிய செய்தி மட்டும். அழகு குன்றவில்லை, கருத்துக் குன்றிற்று.

இனி, நூல்.

முட்டை எழுந்து இரண்டே ஆண்டுகள் கழித்து, 1977-இல், ஒரு நூல் வெளிவந்தது. வெக்ரவில்லுக்கு அண்மையிலுள்ள டூ ஹில்ஸ் என்னும் சிற்றூரில் தங்கி, அங்குள்ள மக்களைக் கண்டு பேசி, மிர்னா கோஸ்டாஷ் என்னும் இளம்பெண் எழுதிய நூல். ‘பாட்டியின் மக்கள் எல்லாம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். எட்மன்டன் நகரில் 1944-இல் பிறந்தவர் அவர், குடியேறியோரின் பேத்தி.

விழா மேடைகளில் அதுவரை சொல்லப்பட்டு வந்த கதை எளியது. ஆட்டுத்தோல் மேலங்கியோடு வந்தார்கள், உழைத்தார்கள், உயர்ந்தார்கள், இன்று அவர்தம் மக்கள் மருத்துவர், வழக்கறிஞர், அமைச்சர்! கேட்க இனிக்கும் கதை. கோஸ்டாஷ் அந்தக் கதையின் மறுபக்கத்தைப் புரட்டினார். உயராமல் போனவன் என்ன ஆனான்? பள்ளி வளாகத்தில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட குழந்தையின் நெஞ்சில் பதிந்த வடு என்ன? வயல் வேலை, வீட்டு வேலை, பிள்ளைப்பேறு என்று மூன்று சுமையையும் சுமந்த பெண்ணைப் பற்றி விழாச் சொற்பொழிவு ஏன் வாய் திறப்பதில்லை? தொழிலாளர் இயக்கத்திலும் பொதுவுடைமை இயக்கத்திலும் சேர்ந்த உக்ரைனியரை வரலாற்றிலிருந்து ஏன் விலக்குகிறீர்கள்? 1971-இல் அரசு அறிவித்த பல்பண்பாட்டுக் கொள்கை ஆடலுக்கும் பாடலுக்கும் மேடை தருகிறது; அதிகாரத்தில் பங்கு தருகிறதா? இவை அவர் எழுப்பிய வினாக்கள்.

சமூகத்தில் சலசலப்பு எழுந்தது, சினம் எழுந்தது. குடும்பச் சண்டையை ஊரார் முன் விரிக்கலாமா என்று கேட்டோர் உண்டு. நாம் சொல்வோம்: விரிக்கத்தான் வேண்டும்! தன் இனத்தின் பெருமையைப் பாடுவது எளிது. தன் இனத்தை ஆராய்வதற்கு அதைவிட மிகுந்த பற்று வேண்டும். பகைவன் ஏசுவான், முகத்துதி செய்பவன் புகழ்வான், மகள்தான் மருந்து கொடுப்பாள். அந்த வகையில், மூன்றனுள் இந்நூலையே உயர்ந்த பண்பாட்டுப் பணி என மதிக்கிறோம்.

எனினும் இந்நூலுக்கும் ஒரு குறையுண்டு. அதை மறைப்பது திறனாய்வாகாது. நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பாட்டியின் மக்களைப் பற்றிய நூலைப் பாட்டி படிக்க இயலாது! இது ஆசிரியரின் குற்றமன்று. 1916-இல் அடைக்கப்பட்ட வாயிலின் விளைவு. பாட்டனின் மொழியைப் பள்ளியில் பறித்தார்கள். பேத்திக்குச் சிந்தனை இருந்தது, அதைச் சொல்லும் மொழி வேறாகிவிட்டது. ஆகவே பாடலுக்கு நேர்ந்ததும் நூலுக்கு நேர்ந்ததும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

ஆடலும் பாடலும் வேண்டாமா, முட்டையும் விருந்தும் வேண்டாமா என்று சிலர் வினவலாம். வேண்டும். அவையே வாயில், குழந்தை அந்த வாயில் வழியாகத்தான் உள்ளே வருகிறது. வாயிலையே வீடு என்று எண்ணி அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடலாகாது என்பதே நம் கருத்து.

வீட்டுக்குள் இருக்க வேண்டியது எது? மொழி, நினைவு, இரண்டையும் சலித்துப் பார்க்கும் அறிவு.

நினைவுக்கு ஒரு சான்று தருவோம். 1932-33-இல் ஸ்டாலின் ஆட்சி உழவரின் தானியத்தைப் பறித்ததால் உக்ரைனில் பெரும்பஞ்சம் வந்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்படி ஒரு பஞ்சமே இல்லை என்று சோவியத் அரசு அரை நூற்றாண்டுக்கு மேல் சாதித்தது. தாயகத்தில் அதைச் சொன்னால் சிறை. அந்நாளில் கடல் கடந்தோர் சொன்னார்கள். 1983-இல் எட்மன்டன் நகர மன்றத்தின் முன் அந்தப் பஞ்சத்துக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். வாய் கட்டப்பட்ட உடன்பிறப்புக்காக வாய் திறந்த செயல் அது. பண்பாடு காத்தல் என்பதன் மெய்ப்பொருள் இங்கே விளங்குகிறது.

ஆனால் நினைவையும் சலிக்க வேண்டும். 1943-இல் நாஜி ஜெர்மனி உக்ரைனியரைக் கொண்டு கலீசியாப் படைப்பிரிவு ஒன்றை எஸ்.எஸ். அமைப்பின் கீழ்த் திரட்டியது. போருக்குப் பின் கனடாவில் குடியேறிய அப்படையினருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியோரும் அச்சமூகத்தில் இருந்தனர். 2023 செப்டம்பரில் அப்படைப்பிரிவில் பணியாற்றிய முதியவர் ஒருவருக்குக் கனடா நாடாளுமன்றமே எழுந்து நின்று கைதட்டியது. உண்மை வெளிப்பட்டதும் அவைத்தலைவர் பதவி துறந்தார். ஸ்டாலினை எதிர்த்தவர் என்ற ஒன்றைக் கண்டு, யாருடைய கொடியின்கீழ் எதிர்த்தார் என்பதைக் கேளாமல் விட்ட குற்றம் அது. முன்னோர் என்பதற்காகவே எல்லாவற்றையும் போற்றினால், பதரும் மணியும் ஒன்றாகிவிடும். பகைவன் அந்தப் பதரை எடுத்துக்காட்டித்தான் மணியையும் பழிப்பான்.

இன்று இது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. உக்ரைனியரும் ரஷ்யரும் ஒரே மக்கள் என்று 2021 ஜூலையில் ரஷ்ய அதிபர் புட்டின் கட்டுரை எழுதினார். 2022 பிப்ரவரியில் அவருடைய படை முழு அளவில் உட்புகுந்தது. அவ்வாண்டு மே மாதம், 18-ஆம் நூற்றாண்டு உக்ரைன் மெய்யியலாளர் ஸ்கோவொரோடாவின் நினைவகம் ஏவுகணைக்கு இரையாயிற்று. வலூயெவ் சுற்றறிக்கையால் செய்ததை இன்று ஏவுகணையால் செய்ய முயல்கின்றனர். அங்கே எரியும் ஏடு ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு படி இருக்கிறதா என்பது வாழ்வா சாவா என்ற வினாவாகிவிட்டது.

இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குச் சிலர் உழைத்திருக்கின்றனர். சோவியத் ஆட்சியில் உண்மையாக எழுத முடியாததை, பாரிசுக்கு அருகே சார்செல் என்னும் ஊரில் குபியோவிச் என்னும் அறிஞரும் தோழர்களும் கலைக்களஞ்சியமாக ஆக்கினர். அதன் ஆங்கில வடிவம் டொரன்டோ பல்கலைக்கழக அச்சகத்தால் 1984 முதல் 1993 வரை 5 தொகுதிகளாக வெளிவந்தது. 1974-இல் எட்மன்டன் நகரில், அரசுப் பள்ளிகளிலேயே உக்ரைன் மொழியும் ஆங்கிலமும் பயிற்று மொழிகளாகும் திட்டம் தொடங்கிற்று. 1976-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் உக்ரைன் ஆய்வு நிறுவனம் எழுந்தது. பாட்டனிடமிருந்து பறித்ததைப் பேரன் 60 ஆண்டு கழித்து மீட்டான். வெக்ரவில் முட்டைக்கு வரும் கூட்டம் இவற்றைக் காண வராது. வராவிட்டால் என்ன? வேர் மண்ணுக்குள்தான் இருக்கும்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 2016-இல் கனடாவில் உக்ரைன் மரபினர் என்று தம்மைக் குறித்தோர் ஏறத்தாழ 13½ லட்சம். உக்ரைன் மொழியே தாய்மொழி என்றோர் ஏறத்தாழ 1 லட்சம். முட்டைக்கு உறவினர் பலர். மொழிக்கு உறவினர் சிலர்! 2022-க்குப் பின் போரினால் ஏறத்தாழ 3 லட்சம் பேர் கனடாவுக்கு வந்தனர். அவர்களோடு மொழி தெரிந்த குழந்தைகள் வந்தனர். நூற்றாண்டுக்கு முன் வந்த குழந்தைகளும் மொழி தெரிந்தவர்களாகத்தான் வந்தனர் என்பதை மறவாதீர்.

ஆகவே நம் தீர்ப்பு இது. பாடலை அதன் மொழியில் பாடுங்கள். பாடும்போது பள்ளி ஆசிரியர் லியோன்டோவிச்சின் பெயரைச் சொல்லுங்கள். முட்டையைச் சுற்றிப் பாருங்கள். முகாமில் இருந்தோரின் கதையையும் அதன் அருகே நின்று சொல்லுங்கள். கோஸ்டாஷின் நூலைப் படியுங்கள். அவர் எழுப்பிய வினாக்களைப் பாட்டியின் மொழியில் எழுப்பும் அடுத்த நூலை எழுதுங்கள். அதை எழுதப்போகும் சிறுமி இன்று எட்மன்டனிலோ வின்னிபெக்கிலோ ஏதோ ஒரு வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு நடன உடை வாங்கித் தரும் பெற்றோர், அதோடு ஓர் அகராதியும் வாங்கித் தரட்டும்.